குடுவையினுள் உயிர்: ‘ஜீவாணு’ ஆய்வு குறித்து ஒரு திறனாய்வு

1. வினாவின் இடம்

உயிர் எவ்வாறு தோன்றிற்று என்னும் வினா அறிவியலாரின் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் ஒன்றன்று. நம் பிரசங்கபீடங்களிலும் அது அடிக்கடி எழுப்பப்படுகின்றது. ஆனால் ஆராய்வதற்காக அன்று. விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு விரைந்து மூடிவிடுவதற்காகவே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றது. “அறிவியலாரால் ஒரு புல்லையேனும் உண்டாக்க முடிந்ததா?” என்று போதகர் கேட்கிறார், சபையார் தலையசைக்கின்றனர். மறுபுறம், “உயிரின் மூலப்பொருள்கள் சோதனைக் குழாயில் பிறந்துவிட்டன, இனிக் கடவுளுக்கு வேலையில்லை” என்று மேடைப் பேச்சாளர் முழங்குகிறார், கேட்போர் கைதட்டுகின்றனர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று எதிர்ப்பனபோல் தோன்றினும், அடியில் ஒரே கருத்தின்மீதே நிற்கின்றன. ஆய்வுக்கூடத்தின் வெற்றி கடவுளின் தோல்வி. அதன் தோல்வி கடவுளின் வெற்றி என்பதே அக்கருத்து. அது அறிவியல் நோக்கிலும் இறையியல் நோக்கிலும் பிழையானது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா நகர்ப்புறச் சபைகளுக்கும் கல்லூரி மாணவர்க்குமே உரியது என்று எண்ணிவிடலாகாது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் அமைந்துள்ளது லைட்ஹவுஸ் குப்பம். அதற்கு வடக்கே, அதே ஏரியின் கரையில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கின்றது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்துதான் புறப்பட்டது. இராக்கெட்டு எழும்புவதை மீனவர் தம் படகிலிருந்தே காணும் ஊர்கள் இவை. இக்குப்பங்களின் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் பாடத்தில் மில்லரின் பரிசோதனையைக் கற்கின்றனர். ஞாயிறன்று ஆலயத்தில் ஆதியாகமத்தைக் கேட்கின்றனர். இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொண்டு வாழ வேண்டியவர்கள் அவர்களே. நாம் பீடத்திலிருந்து சொல்லும் தவறான வாதம் ஒன்று பின்னாளில் உடைபடும்போது, அதனோடு எது எது உடைபடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2. மில்லர் முதல் அலகாபாத் வரை

உயிரற்ற பொருள்களிலிருந்து, இயற்கையின் ஒழுங்குக்கு உட்பட்டே, உயிர் படிப்படியாகத் தோன்றியிருக்கலாம் என்னும் கருத்தை இக்காலத்தில் முதலில் வரையறுத்துக் கூறியவர் ரஷ்ய நாட்டு ஓபாரின் (1924). அவரை அறியாமலே ஆங்கிலேயரான ஹால்டேன் 1929இல் இதனையொத்த கருத்தை வெளியிட்டார். இந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரேயின் மாணவரான ஸ்டான்லி மில்லர் தம் பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலங்களில் சுழலவிட்டு, மின்னலுக்கு ஈடாக மின்பொறியைச் செலுத்தினார். ஒரு வாரத்தில் நீர் நிறம் மாறிற்று. அதில் கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்கள் காணப்பட்டன. புரதங்களின் கற்களான இவை உயிரின் துணையின்றி உண்டாகக்கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. மில்லர் பாதுகாத்து வைத்திருந்த பழைய குப்பிகளை அவருடைய மாணவர்கள் புதிய கருவிகளால் ஆராய்ந்து, அவர் கண்டதினும் மிகுதியான அமினோ அமிலங்கள் அவற்றில் உள்ளன என்று 2008இல் அறிவித்தனர்.

இத்துறையில் புகழ்பெற்ற மற்றொருவர் இலங்கையின் காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெருமா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948இல் பட்டம் பெற்ற இவர், பின்னர் இலண்டனில் வேதியியல் கற்று, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் உயிர்த் தோற்ற ஆய்வை நடத்தினார். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் உள்ளன என்று 1970இல் காட்டிய குழுவில் இவரும் ஒருவர்.

நம் திறனாய்வுக்குரியது இவ்வரிசையில் அதிகம் பேசப்படாத இந்திய ஆய்வொன்று. அலகாபாத் பல்கலைக்கழக வேதியியலாளர் கிருஷ்ண பகதூர் 1954இலேயே, ஃபார்மால்டிஹைடு வகைப் பொருளினின்று ஒளியின் துணையால் அமினோ அமிலங்கள் உண்டாவதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டவர். 1963 முதல் அவரும், உடன் பணியாற்றிய எஸ். ரங்கநாயகியும் மேலும் ஒரு படி சென்றனர். அம்மோனியம் மாலிப்டேட், பாஸ்பேட்டு உப்பு, பிற தாதுக்கள், ஃபார்மால்டிஹைடு முதலியவற்றை நீரிற் கலந்து, கிருமி நீக்கி, கதிரவன் ஒளியில் வைத்தனர். நுண்ணோக்கியில் மட்டும் காணத்தக்க உருண்டைத் துகள்கள் தோன்றின. அவை வளர்கின்றன, அரும்பிப் பெருகுகின்றன, தமக்குள் வேதிமாற்றங்களை நடத்துகின்றன என்று கூறிய பகதூர் அவற்றுக்கு ‘ஜீவாணு’ என்று பெயரிட்டார். இவ்வாய்வு முதலில் அலகாபாத் விஞ்ஞான பரிஷத்தின் இந்தி ஆய்விதழில் வெளிவந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. தாய்மொழியில் ஆழ்ந்த ஆய்வு நடவாது என்று கருதும் நம் இறையியலாருக்கும் அது ஒரு பாடமே.

3. ‘ஜீவாணு’: பெயரும் பொருளும்

பகதூரின் கூற்றை எவ்வாறு மதிப்பிடுவது? ஏளனமும் வேண்டா, வியப்பும் வேண்டா. மூன்று செய்திகள் ஆராயத்தக்கன.

முதலாவது, சொல்லாட்சி. வளர்ச்சி, பெருக்கம், வளர்சிதைமாற்றம் என்னும் சொற்கள் உயிர்களைப் பற்றிப் பேசுவதற்கென நாம் கொண்டவை. உப்புப் படிகமும் ‘வளர்கின்றது’. நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளியும் இரண்டாகப் ‘பிரிகின்றது’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு ஸ்டெபான் லெடுக் என்பவர் உப்புக் கரைசல்களிலே செடிகொடி போலவும் காளான் போலவும் கிளைக்கும் உருவங்களை உண்டாக்கிக் காட்டினார். அவை கண்ணுக்கு உயிரெனத் தோன்றின, உயிரல்ல. உருவ ஒப்புமை வேறு, இயல்பு ஒப்புமை வேறு. ஜீவாணு பற்றிய கூற்றில் இவ்விரண்டின் எல்லை தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

இரண்டாவது, மரபுவழிச் செய்தி. உயிர் பெருகும்போது தன் அமைப்பைப் பற்றிய செய்தியையும் அடுத்த தலைமுறைக்குக் கடத்துகின்றது. அச்செய்தியில் நேரும் சிறு மாற்றங்களும் கடத்தப்படுகின்றன. ஜீவாணுத் துகள் ஒன்றிலிருந்து மற்றொன்று அரும்பினும், முன்னதன் தனித்தன்மை பின்னதற்குச் செல்கின்றது என்பது நிறுவப்படவில்லை. அஃதின்றேல் அப்பெருக்கம் துளி சிதறுவதற்கு ஒப்பானதே.

மூன்றாவது, பிறர் சோதனை. 1967இல் நாசாவைச் சேர்ந்த லிண்டா காரனும் பொன்னம்பெருமாவும் ஜீவாணு ஆய்வுகளைப் பரிசீலித்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஜீவாணுக்களின் இயல்பும் பண்புகளும் இனித்தான் தெளிவாக்கப்பட வேண்டும் என்னும் அளவிலேயே அவ்வறிக்கை நின்றது. அறிவியல் உலகம் ஜீவாணுவை உயிரென்று ஏற்கவில்லை.

எனினும் நியாயம் வழுவலாகாது. தனித்தனி மூலக்கூறுகளைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒளி, தாது, கரிமப்பொருள், எல்லைச்சுவர் ஆகியன ஒரே கலத்தில் ஒருங்கே இயங்க வேண்டும் என்று பகதூர் கண்டது ஆழ்ந்த நோக்கே. பிற்கால ஆய்வாளர் ‘முன்னுயிரணு’ என்று தேடுவதும் அத்தகைய கூட்டமைப்பையே. விடை பிழையாயிருப்பினும் வினா சரியாயிருந்தது.

இப்பெயர் ஒரு விவிலியச் சிந்தனையையும் எழுப்புகின்றது. ‘ஜீவன்’, ‘அணு’ என்னும் இரண்டு சொற்களும் நம் நாட்டுத் தத்துவ மரபில் நெடிய வரலாறு கொண்டவை. அவற்றை இணைத்துப் பெயரிட்டவுடனே, மெய்ப்பிக்கப்பட வேண்டியது மெய்ப்பிக்கப்பட்டதுபோல் ஆகிவிடுகின்றது. இத்தகைய இடர் நம் வேதாகமத்திலும் உண்டு. ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் நீர்வாழ் உயிர்களைக் குறிக்கவும், இரண்டாம் அதிகாரத்தில் மனிதனைக் குறிக்கவும் எபிரேயத்தில் வருவது ‘நெபெஷ் ஹய்யா’ என்னும் ஒரே தொடர். நம் பழைய மொழிபெயர்ப்போ முன்னதை ‘ஜீவஜந்து’ என்றும் பின்னதை ‘ஜீவாத்துமா’ என்றும் பிரித்துவிட்டது. ஆகவே, மண்ணில் இறங்கிய தனி ஆத்துமப்பொருளே உயிர் என்று நம்மவர் படித்துவிடுகின்றனர். மூலமோ மீனையும் மீனவனையும் ஒரே சொல்லால் அழைக்கின்றது. மனிதனின் தனிச்சிறப்புக்கு அடிப்படை இச்சொல்லன்று. கடவுளின் சாயல் என்பதே. எனவே உயிரின் வேதியியலை ஆராய்வோர் ஆத்துமாவின்மீது கைவைக்கின்றனர் என்று நாம் பதறுவதற்கு மூலநூலில் இடமில்லை.

4. ஏரியும் முகத்துவாரமும்

உயிர் உயிரினின்றே வரும் என்று பாஸ்டர் நிரூபித்துவிட்டார். ஆகையால் உயிரற்றதினின்று உயிர் வந்தது என்பது பொய் என்று நம்மில் பலர் வாதிடுகின்றோம். இவ்வாதத்தின் வலிமையை அளந்து பார்ப்போம்.

நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் அத்தியட்சராயிருந்த பசில், ஆறுநாள் படைப்பைக் குறித்த தம் பிரசங்கங்களிலே, விலாங்குமீன் முட்டையினின்றன்று, சேற்றினின்றே பிறக்கின்றது என்று கூறுகிறார். பூமி உயிர்களைத் தோற்றுவிக்குமாறு பெற்ற கட்டளை இன்றும் நிறைவேறுவதற்கு அதனைச் சான்றாகக் காட்டுகிறார். அவருடைய இயற்கையறிவு தவறானது. விலாங்கு கடலிலே பிறந்து, குஞ்சாக நன்னீர் நோக்கி வருவது. சேற்றைத் தோண்டினோர் அதன் முட்டையை ஒருநாளும் காணாததற்குக் காரணம் அதுவே.

இதனை லைட்ஹவுஸ் குப்பத்து மீனவருக்கு எளிதில் விளக்கலாம். ஏரியை மட்டும் கண்டவன் இறால் ஏரிச்சேற்றில் விளைவதாகவே எண்ணுவான். மீனவரோ முகத்துவாரத்தை அறிந்தவர். வெள்ளை இறாலும் புலி இறாலும் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரியினுள் புகுந்து, அங்கே தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் ஏரியில் இறால் குன்றும். பாஸ்டர் செய்ததும் இத்தகையதே. சாற்றைக் கொதிக்கவைத்து, குடுவையின் கழுத்தை அன்னத்தின் கழுத்தைப்போல் வளைத்து, காற்று புகவும் தூசி புகாமலும் செய்தார். சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்தபோது கெட்டது. அதாவது, அவர் முகத்துவாரத்தை அடைத்துப் பார்த்தார். நுண்ணுயிர் சாற்றில் விளைவதன்று, வெளியிலிருந்து வருவது என்று காட்டினார். 1862இல் பாரிசு அறிவியல் கழகம் அதற்குப் பரிசளித்தது.

ஆனால் அவர் காட்டியது அவ்வளவே. முகத்துவாரம் அடைபட்ட ஒரு பருவத்தில் ஏரிக்குள் இறால் வரவில்லை என்பது, கடலில் முதல் இறால் எவ்வாறு வந்தது என்பதற்கு விடையாகாது. கொதித்தாறிய சாறு ஒன்று. ஏறத்தாழ 454 கோடி ஆண்டு அகவையுடைய இப்பூமியின் தொடக்க கால நீர்நிலைகள் வேறொன்று. முன்னதில் நடவாதது பின்னதிலும் நடந்திராது என்று பாஸ்டரின் குடுவை சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாகப் பீடத்தில் கூறுதல் பொய்ச்சாட்சியாகும்.

இங்கே மற்றொன்றும் கருதத்தக்கது. சேறு உயிரைப் பிறப்பிக்கின்றது என்று நம்பிய பசிலும், அதனையொத்த கருத்துடைய அகஸ்தீனும், பின்னர் தாமஸ் அக்வினாஸும், அதனால் கடவுள் இல்லை என்று ஒருபோதும் நினைத்ததில்லை. உயிரற்றதினின்று உயிர் தோன்றுதல் கடவுள் நம்பிக்கைக்குப் பகை என்னும் கருத்து திருச்சபையின் தொன்மையான கருத்தன்று. அது அண்மைக்காலத்தில் எழுந்த அச்சம்.

5. ஆய்வுக்கூடத்தின் எல்லை

அவ்வாறாயின் ஆய்வுக்கூடம் உயிரின் தோற்றத்தை விளக்கிவிட்டதா? இல்லை. முழுமையாக விளக்கவும் கூடுமா என்பதும் ஐயத்திற்குரியது. காரணங்கள் மூன்று.

முதலாவது, கூடும் என்பதும் நடந்தது என்பதும் வேறு. 1947இல் நார்வே நாட்டு தோர் ஹையர்தால் பால்சா மரத்தாலான தெப்பமொன்றில், பெரு நாட்டிலிருந்து 101 நாள் கடற்பயணம் செய்து பொலினீசியத் தீவுகளை அடைந்தார். கட்டுமரத்தின் பயனை அறிந்த நம் மீனவர்க்கு அதன் அருமை விளங்கும். ஆனால் பொலினீசிய மக்களின் முன்னோர் முதன்மையாக மேற்கே ஆசியப் பக்கமிருந்தே வந்தனர் என்பதை மொழியும், தொல்பொருளும், மரபணுவும் காட்டுகின்றன. தெப்பம் வர முடியும் என்று அவர் மெய்ப்பித்தார். அவ்வாறே மக்கள் குடியேறினர் என்று மெய்ப்பிக்க இயலவில்லை. உயிரின் தோற்றமும் ஒரு வரலாற்று நிகழ்ச்சி. அதன் மிகப் பழைய, பெரிதும் ஏற்கப்பட்ட சான்றுகள் சற்றேறக்குறைய 350 கோடி ஆண்டுப் பழைமையுள்ள ஆஸ்திரேலியப் பாறைகளில் உள்ளன. அப்போதே அது உயிராக இருந்தது. அதற்கு முற்பட்ட வேதியியல் தன் சுவட்டைப் பாறையில் விட்டுச்சென்றதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, கலமும் களமும் வேறு. 1871இல் டார்வின் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய மடலில், வெதுவெதுப்பான சிறு குட்டையில் உயிரின் முதற்பொருள் உண்டாயிருக்கலாம் என்று ஊகித்தார். அமெரிக்கரான டேவிட் டீமர் இவ்வூகத்தைக் களத்திலேயே சோதித்தார். ரஷ்யாவின் கம்சாத்கா எரிமலைப் பகுதியில் வெந்நீர்க் குட்டையொன்றில் உயிரின் மூலப்பொருள்களைக் கரைத்தார். ஆய்வுக்கூடத்தில் நன்கு இயங்கியவை அங்கே களிமண்ணில் ஒட்டிக்கொண்டு விரைவில் மறைந்தன. பழவேற்காட்டு ஏரியின் ஓரங்களைப்போலக் கோடையில் வற்றி உப்புப் பூத்து, மழையில் மீண்டும் நனையும் இடங்கள், பொருள்களைச் செறிவாக்குவதால் உயிர் தோன்றுவதற்கு ஏற்றவைபோல் தோன்றும். ஆனால் கடல்நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள், எளிய கொழுப்பமிலங்களாலான மென்சவ்வைக் குலைத்துவிடுகின்றன. எனவே டீமர் போன்றோர் நன்னீர்க் குட்டையை நாடுகின்றனர். வேறு சிலர் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளை நாடுகின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. மில்லர் கொண்ட வாயுக் கலவைகூடத் தொடக்கப் பூமியின் காற்றை ஒத்ததன்று, அதில் கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுந்திருந்தன என்பதே இன்று பலர் கருத்து.

மூன்றாவது, ஆய்வாளரின் கை. 2009இல் ஜான் சதர்லண்டு குழுவினர் ஆர்.என்.ஏ.யின் உறுப்புகள் சிலவற்றை எளிய பொருள்களினின்று உண்டாக்கும் அருமையான வழியைக் கண்டனர். அதே ஆண்டில் லிங்கன், ஜாய்ஸ் என்போர் ஒன்றையொன்று பெருக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைக் காட்டினர். ஆனால் முன்னதில் எப்பொருளை எப்போது சேர்ப்பது என்று முடிவுசெய்தவரும், பின்னதில் வேண்டிய துண்டுகளை ஊட்டியவரும் ஆய்வாளரே. ஜெர்மானிய வேதியியலாளர் கிளெமென்ஸ் ரிக்கர்ட் 2018இல் இச்சிக்கலுக்குக் ‘கடவுளின் கை’ என்னும் பெயரையே வழங்கி, ஒவ்வோர் ஆய்விலும் மனிதத் தலையீடுகள் எத்தனை என்று கணக்கிட வேண்டும் என்றார். பாஸ்டர் குடுவையின் கழுத்தை அடைத்தார். இவர்களுடைய குடுவையின் முகத்துவாரத்திலோ ஆய்வாளரே நிற்கிறார்.

இதனைக் கேட்டு நம்மில் சிலர், “பாருங்கள்! அறிவுள்ள ஒருவரின் கையின்றி உயிர் வாராது என்பது வெளிப்பட்டது” என்று மகிழ்வர். அது அவசரம். கல் விழுவதை வகுப்பறையில் காட்ட ஆசிரியர் அதனைக் கையால் நழுவவிடுகிறார். அதனால் மலையில் கற்கள் யாருமின்றி உருளமாட்டா என்று ஆகுமா? நெடுங்காலத்தைச் சில நாள்களில் அடக்க முயல்வோர் கையிட வேண்டியே இருக்கும். மனிதக் கையில்லாமலும் இவ்வேதியியலில் பெரும்பகுதி நடக்கின்றது என்பதற்கு இப்போது நேர்ச்சான்று உண்டு. பென்னு என்னும் சிறுகோளினின்று 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவரப்பட்ட மண்ணில், புரதங்களில் பயன்படும் இருபது அமினோ அமிலங்களில் 14ம், டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் வேண்டிய ஐந்து காரப்பொருள்களும், உப்புநீர் வற்றியதால் படிந்த உப்புகளும் இருந்தன என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. எந்த ஆய்வாளரும் அங்கே குடுவை வைக்கவில்லை. ஆனால் அங்குள்ள அமினோ அமிலங்களில் இடக்கை அமைப்பும் வலக்கை அமைப்பும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. பூமியின் உயிர்களோ புரதங்களில் இடக்கை அமைப்பையே கொள்கின்றன. கற்கள் குவிந்துள்ளன, வீடு அங்கே எழும்பவில்லை. கற்களிலிருந்து வீடு எவ்வாறு எழும்பிற்று என்பதே இன்னும் விடைகாணாத வினா. இன்றுவரை எந்த ஆய்வுக்கூடமும் உயிரற்ற பொருளினின்று உயிரை உண்டாக்கவில்லை. 2010இல் கிரெய்க் வெண்டர் குழுவினர் செயற்கையாக அமைத்த மரபுத்தொகுதியைக்கூட ஏற்கெனவே உயிருள்ள அணுவினுள் வைத்தே இயக்கினர்.

ஆகவே முடிவு இது: இது கூடும், இது கூடாது, இவ்வழி அடைபட்டது, அவ்வழி திறந்துள்ளது என்று ஆய்வுக்கூடம் சொல்ல வல்லது. அது சிறிய பணியன்று. இவ்வாறே நடந்தது என்று உறுதிகூற அதற்குத் தனியே ஆற்றலில்லை. எதற்காக நடந்தது என்பதோ அதன் வினாவே அன்று.

6. இறையியல் மதிப்பீடு

சிறையிலிருந்த போன்ஹோபர் 1944 மே மாதத்தில் எழுதிய மடலொன்றில், நம் அறிவின் குறைகளை நிரப்பும் பொருளாகக் கடவுளைக் கொள்வது தவறு என்று எச்சரித்தார். அறிவு வளரும்போதெல்லாம் அத்தகைய கடவுள் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். நாம் அறியாதவற்றில் அன்று, அறிந்தவற்றிலேயே கடவுளைக் காண வேண்டும் என்பதே அவர் கருத்து. இவ்வெச்சரிக்கை நம் பிரச்சினைக்கு நேரே பொருந்துகின்றது. நாளை ஓர் ஆய்வுக்கூடம் வளர்ந்து, பெருகி, மரபுச் செய்தியைக் கடத்தும் முன்னுயிரணு ஒன்றை ஆக்கிவிடலாம். ஆகாமலும் போகலாம். ஆகிவிட்டால், “ஒரு புல்லையேனும் உண்டாக்க முடிந்ததா?” என்று கேட்டுப் பழகிய சபைக்கு நாம் என்ன சொல்வோம்?

வேதாகமமோ நம்மை இவ்விக்கட்டில் நிறுத்தவில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒளி உண்டாகக் கட்டளை பிறக்கின்றது. ஆனால் பயிரையும், நீந்துவனவற்றையும், விலங்குகளையும் குறித்த கட்டளைகள் நிலத்தையும் நீரையும் நோக்கிப் பிறக்கின்றன. அவை தோற்றுவிக்குமாறு அழைக்கப்படுகின்றன. படைப்புப் பொருளுக்கே படைக்கும் பணியில் பங்களிக்கப்படுகின்றது. கடவுள் தொடக்கத்திலேயே விதைகளைப்போன்ற ஆற்றல்களைப் படைப்பினுள் வைத்தார், அவை உரிய காலத்தில் வெளிப்பட்டன என்று அகஸ்தீன் விளக்கியதும் இவ்வடிப்படையிலேயே. நிலமும் நீரும் எவ்வாறு அக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்தன என்று ஆராய்வதே வேதியியலாரின் தொழில் எனின், அவருடைய வெற்றி கட்டளையிட்டவரைப் பொய்யாக்குவது எங்ஙனம்?

ஒன்றுமில்லாமையினின்று படைத்தல் என்னும் நம் கோட்பாடும் இங்கே தெளிவுபெற வேண்டும். எவ்வேதியியலாரும் ஒன்றுமில்லாமையிலிருந்து தொடங்குவதில்லை. நீர் இருக்கின்றது, கரி இருக்கின்றது, கதிரவன் ஒளி இருக்கின்றது, இவையனைத்தும் கீழ்ப்படியும் ஒழுங்கு இருக்கின்றது. இவை ஏன் இருக்கின்றன என்பதே கோட்பாட்டின் வினா. முதல் உயிரணுவை ஆக்கினோர் எவரேனும் இருப்பின், அவரும் கொடுக்கப்பட்ட பொருளை எடுத்தாண்டவரே.

நம் நாட்டுச் சிந்தனையிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1938இல் சென்னையில் வெளிவந்த ‘இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தித்தல்’ என்னும் நூலில் பங்குபெற்ற செஞ்சய்யா, பரிணாம வளர்ச்சியைப் பகையாக எண்ணாமல், கிறிஸ்துவைப் புதிய படைப்பின் தொடக்கமாகக் கண்டார். அவருடைய விளக்கத்தில் நாம் மறுக்க வேண்டியன உண்டு. பாவத்தையும் சிலுவையையும் அவர் போதிய ஆழத்தில் எடுத்துக்கொண்டாரா என்பது நியாயமான கேள்வி. எனினும் படைப்பு முடிந்துபோன ஒரு நாளின் செய்தியன்று, தொடரும் செயல் என்று அவர் வற்புறுத்தியது விவிலியத்தோடு ஒத்தது. 104ஆம் சங்கீதமும் கடலின் உயிர்களைப் பற்றிப் பேசுகையில், அவை முதன்முதல் எப்படி வந்தன என்பதில் நிற்காமல், இன்று யார் கையினின்று உண்கின்றன என்பதையே பாடுகின்றது.

7. போதகர்க்குச் சில கருத்துகள்

மேற்கூறியவற்றிலிருந்து பீடத்திற்கும் வேதபாட வகுப்பிற்கும் உரிய சில நெறிகள் பெறப்படுகின்றன.

அறிவியலாரின் தோல்வியை நற்செய்தியாகப் பிரசங்கிக்கலாகாது. பாஸ்டர் நிரூபித்தார் என்று கூறுமுன் அவர் எதை நிரூபித்தார் என்று கற்றுக்கொள்ள வேண்டும். ஒழுங்கு தானாகக் கூடாது என்று வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் காட்டி வாதிடுவோர், பூமி கதிரவனிடமிருந்து நாள்தோறும் ஆற்றல் பெறுவதை மறந்துவிடலாகாது. அடைபட்ட அமைப்புக்குரிய விதியைத் திறந்த அமைப்பின்மீது அவ்வாறே சாற்றுதல் தவறு.

அவ்வாறே மிகையான அறிவிப்புகளைக் கண்டு அஞ்சவும் வேண்டா. “உயிர் ஆக்கப்பட்டது” என்னும் தலைப்பை நாளிதழில் காணும்போது நான்கு கேள்விகளைக் கேட்கலாம். ஆக்கப்பட்டது உயிரா, உயிரின் கல்லா? அது தன் செய்தியைத் தலைமுறைக்குக் கடத்துகின்றதா? முகத்துவாரத்தில் நின்ற கைகள் எத்தனை? வேறு ஆய்வாளர் அதே முடிவைக் கண்டனரா? ஜீவாணுவின் வரலாறு இக்கேள்விகளின் பயனைக் கற்பிக்கின்றது. அக்கேள்விகளை எழுப்பியவர்கள் இறையியலாரல்லர், அறிவியலாரே என்பதும் நம் மனத்தில் நிற்க வேண்டும். தம் துறையினரின் கூற்றைத் தாமே சோதித்துத் திருத்தும் அவ்வொழுக்கம் நம் பீடங்களுக்கும் தேவையானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வினவும் இளைஞரை அவிசுவாசி என்று ஒதுக்கலாகாது. “ஐயா, மின்பொறியால் அமினோ அமிலம் வந்ததென்று பள்ளியில் சொன்னார்களே, அது மெய்யா?” என்று மீனவர் குப்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்பாளாயின், “மெய்தான் அம்மா. ஆனால் அமினோ அமிலம் உயிரன்று. உயிர் எவ்வழியாக வந்தது என்பது இன்னும் தேடப்படுகின்றது. அதனைத் தேடுவோரில் நீயும் ஒருத்தியாகலாம், எவ்வழியாக வந்தாலும் அது அவருடைய வழியே” என்று சொல்லும் துணிவு போதகருக்கு வேண்டும். அவ்வாறு சொல்லுங்கால் நம் விசுவாச அறிக்கையின் முதல் வாக்கியத்தினின்று ஒரு சொல்லையும் நாம் விட்டுக்கொடுப்பதில்லை. அவள் பாடநூலையும் ஆலயத்தையும் ஒருசேரக் கைவிடாமல் வளர வழி திறந்திருக்கும்.